வெட்டவெளியில் மெட்டல்: வன்னித் திடலில் ஒரு நேரலை அல்பம் பதிவுசெய்ய முழுமையான வழிகாட்டி

ஹெவி மெட்டலின் பெயர்பெற்ற நேரலை அல்பங்களில் பல வயலிலும் திடலிலும் பிறந்தவை. வட ஜெர்மனியில் உள்ள வாக்கன் ஒரு விவசாயக் கிராமம். 1990இல் அங்கே தொடங்கிய திறந்தவெளி விழாவில் பதிவான அல்பங்களை மட்டும் சேர்த்தாலே ஓர் அலுமாரி நிறைந்துவிடும். இங்கிலாந்தின் டொனிங்டன் ஒரு பந்தயத் திடல். ஏசி/டிசி குழு 1991இலும் அயன் மெய்டன் குழு 1992இலும் அங்கே வாசித்தவை காணொளியாகவும் அல்பமாகவும் வந்திருக்கின்றன. அதே அயன் மெய்டன் 2001 ஜனவரி 19 அன்று ரியோ டி ஜெனீரோவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் முன்னால் வாசித்ததும் திறந்த வெளியில்தான். அந்தப் பதிவு அடுத்த ஆண்டு வெளிவந்தது.

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் இரண்டரை லட்சம் பேர் கூடப் போவதில்லை. முந்நூறு பேர் வந்தாலே நல்ல கூட்டம். ஆனால் ஒலியைப் பொறுத்தவரை அங்கிருந்த சிக்கல்தான் இங்கேயும்: திடலில் சுவர் இல்லை. மண்டபத்தில் சுவரும் கூரையும் தாமாகவே ஒரு முழக்கத்தைச் சேர்த்துவிடும். வெளியில் அடித்த அடி போனால் போனதுதான், திரும்பி வராது. எனவே வெளியையும் சனத்தையும் தனியாக மைக் வைத்துப் பிடிக்கவேண்டும். அதைச் செய்யாமல் மேடை மைக்குகளை மட்டும் பதிந்தால், சுமாரான ஸ்டூடியோப் பதிவு ஒன்றுதான் கையில் மிஞ்சும். இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

1. மாதமும் திடலும்

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. அதை விட்டுவிடுங்கள். வைகாசி தொடங்கினால் சோளகக் காற்று. அது ஆவணி தாண்டியும் ஓயாது. மைக்குக்கு மழையைவிடப் பெரிய எதிரி அந்தக் காற்றுத்தான், மேடைக்குத் தகரம் போட்டு மழையைத் தடுக்கலாம், காற்றைத் தடுக்க முடியாது. நான் தேர்ந்தெடுப்பது மாசி, பங்குனி. காலபோக அறுவடை முடிந்து வயல் வெறுமையாக இருக்கும், சனத்தின் கையிலும் கொஞ்சம் காசு இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும்.

அந்த மாதங்களின் தொல்லை பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கண்டென்சர் மைக்கின் மெல்லிய தகட்டுக்கு அது எம்மாத்திரம்? ஈரம் இறங்கினால் மைக் பொரியத் தொடங்கும். நிகழ்ச்சி தொடங்கும்வரை அவற்றைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வைத்திருங்கள். மிக்சருக்கும் கணினிக்கும் மேலே தறப்பாள் கட்டாயம். பனி மேலிருந்துதான் வரும் என்று நினைத்துப் பக்கங்களைத் திறந்து விடாதீர்கள்.

திடலைப் பொறுத்தவரை, பாடசாலை விளையாட்டு மைதானம், கோயில் வீதி, ஊர்ச் சனம் தினமும் நடமாடும் தரவை ஆகியவைதான் நல்லவை. காட்டு ஓரம் அழகாக இருக்கும், பின்னணியில் பாலையும் முதிரையும் நிற்கும், படம் நன்றாக வரும். ஆனால் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மேடைக்குக் கம்பம் நட, எர்த் கம்பி அடிக்க என்று நாம் நிலத்தைத் தோண்டத்தான் போகிறோம். அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு முளைகூட அடிக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

புழுதிக்கு ஒரு தண்ணீர் பவுசர் போதும். பின்னேரம் மூன்று மணிக்கு மேடை முன்னால் தெளித்துவிட்டால், சனம் துள்ளும்போது செம்மண் கிளம்பி மைக் வலைக்குள் ஏறாது.

2. அனுமதி

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். திடல் பிரதேச சபையுடையது என்றால் அவர்களிடமும், பாடசாலையுடையது என்றால் அதிபரிடமும் எழுத்தில் வாங்குங்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களில் கேட்கவே வேண்டாம். கிடைத்தாலும் செய்யாதீர்கள், பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்.

பத்திரத்தில் எழுதியிருக்கும் முடிவு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். கடைசிப் பாட்டின் நடுவில் சத்தத்தை நிறுத்தச் சொன்னால் அல்பத்தின் முடிவே போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது 2009இல் முடிந்த போரைக் கடந்து வந்த மண். மெட்டல் மேடைகளில் வழக்கமாக வைக்கும் வெடி, தீப்பிழம்பு, திடீர் வெளிச்சக் கீற்று எதுவும் இங்கே வேண்டாம். இரண்டு நாள் முன்பே அயல் வீடுகளுக்குப் போய், என்ன சத்தம் வரும், எத்தனை மணிவரை வரும் என்று நேரில் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய விஷயம். அப்படிச் சொல்லப்போன இடத்திலேயே "தம்பி, நாங்களும் வந்து பாக்கலாமோ?" என்று கேட்கும் அம்மாக்களும் உண்டு. கதிரை போட்டு இருத்துங்கள்.

3. கரண்ட்

மெட்டல் கிற்றாரின் டிஸ்டோர்ஷன், உள்ளே வரும் எல்லாவற்றையும் பெருக்கும். மின்சாரத்தில் உள்ள இரைச்சலும் அதில் சேர்த்தி. 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒருமுறை பதிவில் ஏறிவிட்டால் பேஸ் கிற்றாரோடு பின்னிக்கொள்ளும், பிறகு பிரிப்பது மிகவும் கடினம்.

ஜெனரேட்டரைச் சனம் நிற்கும் பக்கத்துக்கு எதிரே, மேடைக்குப் பின்னால் 50 மீற்றராவது தள்ளி வையுங்கள். மூன்று ஃபேஸ் இருந்தால் விளக்குகளுக்கு ஒரு ஃபேஸ், ஒலிக்கு இன்னொன்று. இரண்டையும் ஒன்றிலே மாட்டினால் விளக்கு மினுங்கும் ஒவ்வொரு தடவையும் கிற்றார் பெட்டி இரையும். பதிவுக் கணினிக்கும் மிக்சருக்கும் யூபிஎஸ் தவிர்க்கமுடியாதது. ஜெனரேட்டர் ஒரு நொடி தடுமாறினாலும் மேடை சமாளித்துவிடும், பதிவு சமாளிக்காது.

எர்த் விஷயத்தில் வன்னி மண் கொஞ்சம் வேலை வாங்கும். பங்குனியில் நிலம் காய்ந்து இறுகிக் கிடக்கும், காய்ந்த மண்ணில் மின்சாரம் நன்றாக இறங்காது. எர்த் கம்பியை ஆழமாக அடித்து, சுற்றிலும் குழியாக்கி, காலையிலும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத பலகையில் ஒன்றையும் மாட்டாதீர்கள். ஒத்திகைக்கு முன்னால் மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிற்றார் தந்தியிலும் மறு முனையைப் பாடகரின் மைக் வலையிலும் தொடுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் யாரையும் மேடையேற்றக்கூடாது. பாடிக்கொண்டே கிற்றார் வாசிப்பவரின் உதடுதான் அந்த இரண்டையும் இணைக்கப்போகிறது.

உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் காலை உடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது. கிற்றாரை நேரடியாக மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் அதே பலன் ஆபத்தில்லாமல் கிடைக்கும்.

4. ஒலியமைப்பாளரோடு உடன்படிக்கை

திடலில் ஒலி போடுபவர்தான் உங்கள் அல்பத்தின் பாதி. திருவிழா மேடைகளில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் மைக் வைத்துப் பழகிய கை அவருடையது. தோலில் விழும் அடியின் வேகம் அவருக்குத் தெரியும். மெட்டல் புதிதென்றால் இரண்டு பாட்டை முன்கூட்டியே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: மிக்சர் டிஜிட்டலா? பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்ற மிக்சர் என்றால் பாதி வேலை முடிந்தது. அதிலுள்ள யூஎஸ்பி வழியாக 32 தடங்களையும் (ஒரு மைக்கின் ஒலி ஒரு தடம்) தனித்தனியாகக் கணினிக்கு எடுக்கலாம். எக்ஸ்-லைவ் அட்டை இருந்தால் எஸ்டி கார்டிலும் நேரடியாக எழுதும். கணினியில் ரீப்பர் போன்ற மென்பொருள் போதும். அனலொக் மிக்சர் என்றால், ஒவ்வொரு மைக்கையும் இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டியும் மைக் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் தனியான ரெக்கோர்டிங் இன்டர்ஃபேசும் வாடகைக்கு எடுக்கவேண்டும். எப்படியானாலும் சனத்துக்குப் போகும் இரண்டு தடக் கலவையை மட்டும் பதிந்து அல்பம் ஆக்க நினைக்காதீர்கள். திடலில் ட்ரம்ஸ் தானாகவே சத்தம், அதனால் கலவையில் அது குறைவாகத்தான் இருக்கும்; வீட்டில் கேட்டால் ட்ரம்ஸே இல்லாத மெட்டலாக இருக்கும்.

இரண்டாவது விஷயம் கெயின், அதாவது மைக் ஒலியை உள்ளே வரும்போதே பெருக்கும் அளவு. டிஜிட்டல் மிக்சரில் பதிவுக்குப் போகும் ஒலி பெரும்பாலும் கெயினுக்குப் பிறகும், சனத்துக்குப் போகும் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பும் எடுக்கப்படுகிறது. அவர் ஃபேடரை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் உங்களுக்குப் பாதிப்பில்லை. கெயினைத் தொட்டால் பதிவும் குதிக்கும். ஒத்திகை முடிந்த பிறகு கெயினைத் தொடுவதில்லை என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு நான் ஒதுக்கும் தடங்கள் 24. ட்ரம்ஸுக்கு 10, பேஸுக்கு 2, இரண்டு கிற்றாருக்கு 4, குரலுக்கு 2, மிச்சம் 6ம் சனத்துக்கும் வெளிக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் இந்த 24 தடங்களும் மணிக்கு ஏறத்தாழ 12.5 ஜிகாபைட் எடுக்கும். சில கருவிகள் 32 பிட் கோப்பாக எழுதும், அதற்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கூடுதலாக வேண்டும். தேவைக்கு இரண்டு மடங்கு வெற்றிடம் இருக்கும் டிஸ்க்கையே கொண்டுபோங்கள்.

5. மேடை மைக்குகள்

மேடை பெரும்பாலும் பலகையும் பீப்பாயும், அல்லது உழவு இயந்திரப் பெட்டிகளைச் சேர்த்து வைத்துப் போட்டதாக இருக்கும். கீழே வெறும் காற்று. இரண்டு கால்களாலும் டபிள் பேஸ் டிரம் அடிக்கும்போது முழுப் பலகையும் அதிர்ந்து மைக் தாங்கிகள் வழியே ஏறும். ட்ரம்ஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே மட்டும் நெல் மூட்டைகளை அடுக்கிப் பலகையை முட்டுக்கொடுங்கள். ட்ரம்ஸுக்குப் பின்னால் தகரம் அடித்திருந்தால் சிம்பல் சத்தம் அதில் பட்டு எல்லா மைக்குக்குள்ளும் தெறிக்கும். இரண்டு தும்பு மெத்தைகளை நிமிர்த்திக் கட்டினால் அது அடங்கிவிடும்.

காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கு ஏகேஜி டி112 அல்லது ஷூர் பீட்டா 52ஏ மைக், ஸ்னேர் டிரம்முக்கும் கிற்றார் பெட்டிக்கும் ஷூர் எஸ்எம்57, குரலுக்கு எஸ்எம்58. வாடகைக்கு எளிதில் கிடைக்கும், அடிபட்டாலும் தாங்கும். கிக் டிரம்மின் விளிம்பில், அடியின் அதிர்வை உணரும் ஒரு ட்ரிகரையும் கவ்வவிட்டு அதையும் தனித் தடமாகப் பதியுங்கள். அந்தத் தடத்தின் ஒலி கேட்க நன்றாக இராது. ஆனால் கலவையின்போது கேட் (அடி விழும்போது மட்டும் ஒலியை விடும் வடிகட்டி) திறக்கவேண்டிய நொடியை அதுதான் துல்லியமாகச் சொல்லும்.

கிற்றாருக்கு மைக்கோடு, பெடலுக்கு முன்னால் ஒரு டிஐ தடமும் எடுங்கள். மைக் தடத்தில் ட்ரம்ஸ் அதிகமாகக் கசிந்திருந்தாலோ யாராவது தாங்கியை இடறிவிட்டாலோ, அந்தச் சுத்தமான தடத்தை மறுபடி அம்ப்ளிஃபயர் வழியாக ஓடவிட்டு அதே வாசிப்பை மீட்கலாம். வாசித்தது அன்றைய கை, அன்றைய இரவு. எனவே இதில் பொய் ஏதும் இல்லை.

பாடகர் மைக்கின் வலையைக் கையால் பொத்திப் பிடித்து உறுமுவது மெட்டல் வழக்கம். பொத்தினால் மைக்கின் திசையுணர்வு போய்விடும், மைக்குக்குப் பின்னாலிருக்கும் மொனிட்டர் (பாடகர் தன் குரலைக் கேட்கும் ஸ்பீக்கர்) சத்தமெல்லாம் ஏறும். ஒத்திகையில் ஹெட்ஃபோனைக் கொடுத்து இரண்டு விதமும் கேட்கவிடுங்கள். சொல்லிப் புரியாதது கேட்டால் புரியும்.

6. சனமும் வெளியும்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள்.

ஆறு மைக்குகள். முதல் இரண்டை மேடையின் முன் விளிம்பில், இடமும் வலமுமாக, ஸ்பீக்கர் பொக்ஸ்களுக்கு உட்பக்கமாகச் சனத்தை நோக்கி வையுங்கள். கார்டியொய்ட் மைக்கின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கவேண்டும். முன்பக்கத்தைப் பிடிக்கும் வகை அது, முதுகுப் பக்கம் அதற்கு மிகக் குறைவாகவே கேட்கும். முன்வரிசையின் விசில், கூச்சல், கூடப் பாடும் குரல் இவை இரண்டில்தான் கிடைக்கும். அடுத்த இரண்டை ஸ்பீக்கர் வரிசைக்கு வெளியே, திடலின் இரு ஓரங்களிலும் ஆள் உயரத்துக்கு மேலே உயர்த்திச் சனத்தின் நடுவைப் பார்க்க வையுங்கள். தனித்தனிக் குரல்கள் இதில் கரைந்து ஒரே முழக்கமாக வரும். கடைசி இரண்டை மிக்சர் இருக்கும் இடத்தில், மேடையைப் பார்க்க வையுங்கள். திடலில் நின்றவர் கேட்ட ஒலி அதுதான்.

ஆறுக்கும் ரோமத் தொப்பி போடுங்கள். வெறும் ஸ்பொஞ்ச் மண்டபத்துக்குச் சரி, வெளிக்குப் போதாது. மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் காற்றின் தட்டல்தான் கிடைக்கும்.

முந்நூறு பேர் திடல் முழுக்கச் சிதறி நின்றால் பதிவில் முப்பது பேராகக் கேட்கும். வன்னியில் இது வழக்கம். சனம் மரநிழலிலும் மோட்டார் சைக்கிளிலும் சாய்ந்துதான் நிற்கும். திடலின் பின்பகுதியைக் கயிறு கட்டி மூடி, வெளிச்சத்தை முன்பக்கம் மட்டும் போடுங்கள். தேநீர்க் கடையைப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். சனம் தானாக நெருங்கும்.

இனி நேரக் கணக்கு. 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். மிக்சர் மேடையிலிருந்து 30 மீற்றர் தள்ளி இருந்தால், அங்கிருக்கும் மைக்குக்கு ட்ரம் அடி 86 மில்லிநொடி தாமதமாகவே வந்துசேரும். நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் ட்ரம்மர் கால்களால் கால்மாத்திரைகளை ஓடவிட்டால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 75 மில்லிநொடி. அதாவது தூர மைக்கில் முதல் அடி விழும்போது கிட்ட மைக்கில் இரண்டாவது அடி விழுந்துவிட்டது. இந்த இரண்டையும் அப்படியே கலந்தால் டபிள் பேஸ் முழுவதும் கூழாகிவிடும். "திறந்தவெளிப் பதிவு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடும் குழப்பத்தின் மூலம் பெரும்பாலும் இதுதான். தீர்வு மிக எளிது. ஒவ்வொரு சன மைக்குக்கும் ஸ்பீக்கரிலிருந்து உள்ள தூரத்தை நாடாவால் அளந்து கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மீற்றருக்கு ஏறத்தாழ 2.9 மில்லிநொடி. கலவையின்போது அந்தத் தடத்தை அவ்வளவு முன்னால் இழுத்து, ஸ்னேர் அடி ஒன்றில் உச்சிகளைப் பொருத்துங்கள். நாடா கணக்கு கிட்டக் கொண்டுபோய் விடும், கடைசி நூலிழையைக் காதுதான் முடிவுசெய்யும்.

பொழுது சாய்ந்ததும் ஒலி மாறுவதையும் எதிர்பாருங்கள். பகலில் கேட்காத பக்கத்து ஊர்க் கோயில் பாட்டு இரவில் நம் முற்றத்தில் தெளிவாகக் கேட்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். நிலம் குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெப்பமான காற்று இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளையும். வெயிலில் நேர்மாறாக மேலே வளைந்து போய்விடும். எனவே நான்கு மணி வெயிலில் வைத்த ஒலியளவு எட்டு மணிக்குப் பொருந்தாது. முடிந்தால் இருட்டிய பிறகு இன்னொரு பாட்டையாவது வாசித்துப் பாருங்கள்.

7. ஒத்திகையையும் பதியுங்கள்

நேரலையில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பார்கள். உண்டு; அதன் பெயர் ஒத்திகை. அதே மேடை, அதே மைக், அதே கை. முழு நிகழ்ச்சியையும் ஒத்திகையில் ஒருமுறை வாசித்துப் பதிந்துவிட்டால், இரவில் தந்தி அறுந்த நான்கு மாத்திரையை அங்கிருந்து எடுத்து ஒட்டலாம். கூடவே ஒவ்வொரு டிரம்மையும் தனியாகப் பத்துத் தடவை, மெதுவாகவும் பலமாகவும் அடிக்கச் சொல்லிப் பதியுங்கள். கலவையில் கிக் மெலிந்துபோனால் யாரோ எங்கோ பதிந்த ஒலியைக் கடன் வாங்கத் தேவையில்லை.

ஒலியளவை ஒத்திகையில் உச்சி மைனஸ் 16 டெசிபல் அளவில் நிற்குமாறு வையுங்கள் (பூச்சியத்தைத் தாண்டினால் ஒலி உடையும்). சனத்தைக் கண்டதும் யாரும் கூடுதலாகத்தான் அடிப்பார்கள், 6 முதல் 10 டெசிபல் ஏறும். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததை ஏற்றலாம். உடைந்த உச்சியைச் சீராக்க முடியாது.

8. நிகழ்ச்சி நேரம்

முதல் குழு ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள், கடைசி ஆள் போகும்வரை நிறுத்தாதீர்கள். வெறும் திடலின் ஒலியும் வேண்டும்: சில்வண்டு, தூரத்தில் ஏ9 வீதியில் போகும் பஸ், ஆட்கள் நடமாட்டம் கண்டு கத்தும் ஆட்காட்டிக் குருவி. பாட்டுகளுக்கு இடையில் வெட்டு விழும் இடங்களை மூட இதைவிட நல்ல துணி கிடையாது.

ஒருவர் பதிவைத் தவிர வேறொன்றும் பார்க்கக்கூடாது. ஹெட்ஃபோனில் தடம் தடமாகக் கேட்டு, எந்தப் பாட்டில் எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று கொப்பியில் குறித்துக்கொண்டே இருக்கவேண்டும். பேனா கட்டிய கொப்பி, நெற்றி விளக்கு. கைபேசி வெளிச்சத்தை நம்பவேண்டாம்.

மிக்சரின் இரண்டு தடக் கலவையையும் ஒரு சிறு கையடக்க ரெக்கோர்டரில் தனியாகப் பதியுங்கள். கணினி நின்றுபோனால் அந்த இரவிலிருந்து ஏதாவது ஒன்று மிஞ்சும்.

சாமான் கட்டுவதற்கு முன்பே இரண்டாவது டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். இரண்டும் வேறு வேறு வாகனத்தில் போகட்டும்.

9. கலவை

ஒரு கிழமை கேட்காமல் விடுங்கள். மேடைச் சத்தம் காதைவிட்டுப் போகட்டும்.

முதலில் நேரப் பொருத்தம், பிறகு சன மைக்குகள், அதன் பிறகுதான் ட்ரம்ஸ். பெரும்பாலானவர்கள் ட்ரம்ஸில் தொடங்கிக் கடைசியில் சனத்தைத் தூவுவார்கள். நான் வெளியை முதலில் எழுப்பி, அதற்குள் குழுவைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வேன். அப்படிச் செய்தால் செயற்கை எதிரொலி மிகக் குறைவாகவே தேவைப்படும். எல்லாவற்றிலும் பெரிய மண்டப எதிரொலியைப் பூசிவிட்டால் கிளிநொச்சித் திடல் ஏதோ ஓர் ஊரின் உள்ளரங்கமாகிவிடும்.

பாட்டு முடியும் இடத்தில் சன மைக்குகளை 4 முதல் 6 டெசிபல் ஏற்றி, அடுத்த பாட்டு தொடங்கியதும் மெல்ல இறக்குங்கள். ஒருபோதும் முழுதாக மூடாதீர்கள். பாட்டின் நடுவில் சனம் மறைந்து மறைந்து வந்தால் காது உடனே பிடித்துவிடும்.

எதைத் திருத்தலாம், எதை விடவேண்டும்? அறுந்த தந்தி, செத்த மைக், பிளக் கழன்ற இரண்டு நொடி இவற்றை ஒத்திகைப் பதிவிலிருந்து நிரப்புவது நியாயம். மூச்சு வாங்கிய வரி, கொஞ்சம் முந்திய தாளம் இவை அந்த இரவுக்குச் சொந்தம், விட்டுவிடுங்கள். வீட்டில் இருந்து குரலைத் திரும்பப் பாடிச் சேர்ப்பதும், வேறெங்கோ பதிந்த பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தை முந்நூறு பேருக்கு மேல் பூசுவதும் எனக்கு ஏற்பில்லை. முந்நூறு பேர் முந்நூறு பேராகவே கேட்கட்டும். முன்வரிசையில் ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சிறு கூட்டத்தில்தான் பதிவாகும்.

பாட்டுகளுக்கு இடையில் பாடகர் பேசியதை எல்லாம் வெட்டி எறியாதீர்கள். "எல்லாரும் முன்னுக்கு வாங்கோ" என்று அவர் கூப்பிடுவதும் அதற்கு வரும் கூச்சலும்தான் இந்த அல்பம் எந்த மண்ணில் பதிவானது என்பதற்குச் சாட்சி. நீட்டி முழக்கிய நன்றியுரையை மட்டும் சுருக்குங்கள். பாட்டு வரிசையையும் அன்றிரவு இருந்தபடியே வையுங்கள். வரிசையை மாற்றினால் பாடகரின் குரல் களைப்பதும் மறுபடி தேறுவதும் முன்பின்னாகக் கேட்கும்.

10. மாஸ்டரிங், வெளியீடு

மாஸ்டரிங் என்பது கலவையை வெளியீட்டுக்கு ஏற்றபடி கடைசியாகச் சீர்செய்வது. ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அளவுக்கு இறக்கிவிடும். எனவே நசுக்கிச் சத்தமாக்குவதில் இலாபமில்லை, ட்ரம்ஸின் உயிர்தான் போகும். உச்சியை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். பாட்டுகளுக்கு இடையில் மௌனம் விழக்கூடாது. இறுவட்டாகவும் அடிப்பதென்றால் ஒரு விஷயம் கவனியுங்கள்: இறுவட்டில் ஒரு நொடி 75 சட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. பாட்டு மாறும் வெட்டு அந்தச் சட்ட எல்லையில் விழாவிட்டால், தொடர்ந்து ஓடும் ஆரவாரத்தின் நடுவில் ஒரு சிறு 'டிக்' கேட்கும். மாஸ்டரிங் மென்பொருளில் அந்த எல்லைக்கு ஒட்டவைக்கும் வசதி உண்டு.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் பாட்டு எழுதியவரைப் போலவே மேடையில் நிகழ்த்தியவரையும் பாதுகாக்கிறது. மேடையேறிய ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள், நண்பனாக இருந்தாலும் வாங்குங்கள். வேறு குழுவின் பாட்டை வாசித்திருந்தால் உரிமம் பெறுங்கள். பெறமுடியாவிட்டால் அந்தப் பாட்டை அல்பத்தில் சேர்க்காதீர்கள். உறையில் ஒலியமைப்பாளர், ஜெனரேட்டர் பார்த்தவர், திடல் தந்தவர்கள் பெயரெல்லாம் அவர்கள் சம்மதத்தோடு வரவேண்டும்.

ஹெவன் அண்ட் ஹெல் குழு 2009 ஜூலை 30 அன்று வாக்கனில் வாசித்ததை அல்பமாக வெளியிட்டபோது ஆண்டு 2010. பாடகர் ரொனி ஜேம்ஸ் டியோ அதே ஆண்டு மே மாதம் காலமாகிவிட்டிருந்தார். தடங்கள் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. எனவே கலவை முடிந்ததும் மூலத் தடங்களை அழித்து இடம் மிச்சம்பிடிக்காதீர்கள். ஒவ்வொரு தடத்தையும் பூச்சியத்திலிருந்து தொடங்கும் சாதாரண வேவ் கோப்பாக, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடியதாக வெளியே எடுங்கள். தூர அளவுகள் எழுதிய கொப்பியைப் படம் பிடித்து அதோடு சேருங்கள். இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வவுனியாவிலும் மற்றதை யாழ்ப்பாணத்திலும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் மாட்டி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.